வாடகைக்கு ஒன்று, கிரயத்துக்கு ஒன்று

பதினொரு வருடம் உழைத்த கம்ப்யூட்டர் ஒருவழியாகக் கண்ணை மூடியபோது முத்துமீனா அழவில்லை, திட்டினாள். பொங்கல் முடிந்து, முகூர்த்த நாட்கள் வரிசைகட்டி நிற்கிற நேரம் பார்த்தா இதற்குச் சாவு வரவேண்டும்? அது போனதோடு அதற்குள் இருந்த போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரும் போயிற்று. என்றைக்கோ வாங்கிய சி.டி. பத்திரமாக இருக்கிறதே என்று பீரோவிலிருந்து எடுத்து வந்தால், புதுக் கம்ப்யூட்டரில் சி.டி. போட வழியே இல்லை. பக்கத்துக் கடையில் இரவல் டிரைவ் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு பழசெல்லாம் இங்கே ஓடாது என்று அது முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டது.

மதுரை பழங்காநத்தத்தில் பஸ் நிறுத்தத்துக்கு இரண்டாவது சந்தில், ‘செல்வம் டிஜிட்டல்’ என்று போர்டு மாட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் அவர்கள் கடை. கணவன் செல்வக்குமார் கேமராவைத் தூக்கிக்கொண்டு காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று அலைவான். அவன் கொண்டுவந்து கொட்டுகிற படங்களை வெட்டி, ஒட்டி, ஆல்பமாகவும் ஃப்ளெக்ஸ் பேனராகவும் ஆக்குவது முத்துமீனா. ஒரு பேனரில் நாற்பத்து மூன்று பங்காளிகளின் முகத்தை, எவர் முகமும் இன்னொருவர் முகத்தைவிடச் சிறுத்துப்போகாமல் அடுக்குவது சாதாரண வேலையா? அதில் ஒரு நூல் பிசகினால் விசேஷ வீட்டில் பந்தி நடக்காது, பஞ்சாயத்துதான் நடக்கும். அவள் அடுக்கிய பேனரால் இதுவரை எந்த வீட்டிலும் சண்டை வந்ததில்லை.

சண்டை அவள் வீட்டில்தான் வந்தது, புது சாஃப்ட்வேர் எதை வாங்குவது என்று.

மாதச் சந்தா கட்டுகிற வகைதான் வேண்டும் என்று செல்வக்குமார் ஒற்றைக்காலில் நின்றான். ஊரில் முக்கால்வாசி ஸ்டூடியோவில் அதுதான் ஓடுகிறதாம். புதிதாக என்ன வந்தாலும் தானாக வந்து சேர்ந்துகொள்ளுமாம். பட்டுப்புடவை முந்தானையையும் கலைந்த முடியையும் ஒரு நிமிடத்தில் பின்னணியிலிருந்து பிரித்துக் கொடுத்துவிடுமாம். முத்துமீனா இன்னொன்றைப் பார்த்து வைத்திருந்தாள். ஒரே தடவை பணம் கட்டினால் போதும், ஆயுசுக்கும் நம்முடையது. ஆறு மாதச் சந்தா அதன் விலையைத் தாண்டிவிடும். சந்தாவை ஒரு மாதம் கட்டத் தவறினால் நம் கையால் செய்த வேலையையே நம்மால் திறக்க முடியாது, இதெல்லாம் ஒரு நியாயமா என்று கேட்டாள். ஆயுசுக்கும் என்று நீ வாங்கிய பழைய சி.டி. கம்ப்யூட்டரோடு சேர்ந்துதானே போனது, நாலு வருடம் போனால் இதுவும் கிழடுதட்டி நிற்கும் என்று அவன் மடக்கினான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

உள்ளே வேறொன்றும் இருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நாலு வாடகை வீடு பார்த்தாயிற்று. கடையும் வாடகை. ஸ்கூட்டர் கொழுந்தனார் பேரில். கடை போர்டில் இருப்பது புருஷன் பேர். ஆதார் அட்டையை விட்டால் முத்துமீனா என்கிற பேர் எழுதிய பொருள் என்று அவளுக்கு ஒன்றும் கிடையாது. அந்த ஒரே தடவை வாங்குகிற சாஃப்ட்வேர் இருக்கிறதே, அதைத் திறந்தவுடன் ‘உரிமையாளர்’ என்று போட்டு வாங்கினவர் பேர் வரும். விளம்பரப் படத்தில் அந்த இடத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரியின் பேர் இருந்தது. முத்துமீனா அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. சின்ன ஆசைதான், ஆனால் அது அவளைப் பிடித்து ஆட்டியது.

இரண்டையுமே இலவசமாகச் சோதித்துப் பார்க்க இடமிருந்தது. சந்தாவுக்கு ஏழு நாள், மற்றதற்கு முப்பது நாள். ஒரு சனிக்கிழமை இரண்டையும் இறக்கினார்கள். முத்துமீனா இரண்டுக்கும் திரையில் தமிழில் பேர் வைத்தாள். சந்தாவுக்கு ‘வாடகை’. மற்றதற்கு ‘கிரயம்’. செல்வக்குமார் தலையில் அடித்துக்கொண்டான்.

அந்த வாரம்தான் விருமாண்டி வந்தார். அலங்காநல்லூருக்கு வடக்கே கல்லூத்துப்பட்டி அவர் ஊர். கரும்பும் நெல்லும் போடுகிற சம்சாரி. வீட்டில் ராசா என்று ஒரு செவலைக் காளை வளர்க்கிறார். போன வருடம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பேனர் போட வந்ததிலிருந்து முத்துமீனாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அப்படியானால் செல்வக்குமார் மாப்பிள்ளை, மாப்பிள்ளையைக் கேலி செய்யத் தனியாக அனுமதி வேண்டியதில்லை. மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரில் ஜல்லிக்கட்டு. ஊர் முகப்பில் ராசாவுக்குப் பன்னிரண்டுக்கு எட்டு அடியில் பேனர் வைக்க வேண்டும். செல்வக்குமார் நேரில் போய் ராசாவை எல்லாப் பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து வந்தான். எடுக்கும்போது ஒருமுறை மாட்டுக்குப் பயந்து வைக்கோற்போர் மேல் ஏறி நின்றதை மட்டும் அவன் வீட்டில் சொல்லவில்லை. விருமாண்டி சொல்லிவிட்டார்.

அந்தப் பேனரை வைத்தே பந்தயம் கட்டினார்கள். அவன் ‘வாடகை’யில் ஒன்று செய்வது, அவள் ‘கிரய’த்தில் ஒன்று செய்வது. எது யார் செய்தது என்று சொல்லாமல் இரண்டையும் விருமாண்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அவர் எதைக் கைகாட்டுகிறாரோ அந்த சாஃப்ட்வேர்தான் கடையில் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை செல்வக்குமார் உட்கார்ந்து, ராசா நேருக்கு நேர் முறைக்கிற படத்தை எடுத்துப் பத்தே நிமிடத்தில் முடித்தான். பின்னால் மின்னல், காலடியில் புழுதி, கண்ணில் லேசாகச் சிவப்பு. முடித்துவிட்டுச் சட்டையை உதறிக்கொண்டு டீ குடிக்கப் போனான். அந்த உதறலில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

அவள் எடுத்தது பக்கவாட்டுப் படம். திமிலும் தாடையும் முழுசாகத் தெரிகிற கம்பீரமான படம். ஆனால் மாட்டின் பின்னால் வைக்கோற்போர், முன்னால் கயிறு, உடம்பெல்லாம் ஈ. வால் முடியை ஒவ்வொன்றாக வைக்கோலிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. புது சாஃப்ட்வேரில் எந்தக் கருவி எங்கே இருக்கிறதென்று தேடித் தேடி ஒரு மணி நேரம் போயிற்று. நடுவில் கேஸ் சிலிண்டர்காரர் வந்துவிட்டதாக வீட்டிலிருந்து போன். ஓடிப்போய் வந்து பார்த்தால், பாதி வால்தான் ஆகியிருந்தது.

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். சொல்லவே கூசுகிறது, ஆனால் செய்தாள். டீக்கடையில் பேச்சில் மாட்டிக்கொண்டவன் வருகிறானா என்று வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ‘வாடகை’யைத் திறந்து, ராசாவை அதற்குள் போட்டு, ‘எல்லாம் சுத்தம் செய்’ என்கிற பொத்தானை அழுத்தினாள். வைக்கோற்போர் போயிற்று. கயிறு போயிற்று. ஈ ஒன்றுகூட இல்லை. குளிப்பாட்டித் துடைத்து விட்டதுபோல ராசா பளபளவென்று நின்றான். அதைக் காதும் காதும் வைத்தாற்போல் ‘கிரய’த்துக்குள் கொண்டுவந்து, பின்னால் மலையும் வானமும் வைத்து, பேரை எழுதி முடித்தாள். திரும்பி வந்த செல்வக்குமார் திரையருகே குனிந்து பார்த்தான். வால் முடியை இம்புட்டு நுணுக்கமாகக் கையால் எடுத்தாயா என்று கேட்டான். ம் என்றாள்.

விருமாண்டி அவள் செய்ததைத்தான் கைகாட்டினார். கூடவே நாலு நெருப்புப் படம், ஒரு கும்பிடு. செல்வக்குமார் தோல்வியைப் பெரிய மனசோடு ஒத்துக்கொண்டு அல்வா வாங்கி வந்தான். அவள் ஒரு விள்ளல் மட்டும் தின்றுவிட்டு மீதியை மூடி வைத்தாள். சனிக்கிழமை ஆகட்டும், பணத்தைக் கட்டிக் கிரயத்தை முடித்துவிடலாம், பிறகு இதெல்லாம் மறந்துபோகும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். பேனர் அச்சாகி, வெள்ளிக்கிழமை கல்லூத்துப்பட்டி முகப்பில் ஏறியது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும் திறக்காததுமாக விருமாண்டி வந்து நின்றார். வழக்கமான கேலி இல்லை. மாப்ள என்று கூப்பிடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, பேனரைப் படம் பிடித்து வைத்திருந்த போனை முத்துமீனாவிடம் நீட்டினார்.

“என் மாடு எங்க தங்கச்சி?”

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மாடு இருந்தது, கொம்பு இருந்தது, திமில் இருந்தது. அவர் திமிலின் மேல் விரலை வைத்து, இங்கே என்ன இருக்கணும் என்று கேட்டார். அப்புறம் அவரே சொன்னார். ராசாவுக்கு அந்த இடத்தில் ஒரு சுழி. முடி வட்டமாகச் சுற்றி நிற்கும். ராஜசுழி என்பார்கள், ஆயிரத்தில் ஒரு மாட்டுக்கு இருந்தால் பெரிது. அந்தச் சுழியைப் பார்த்துத்தான் கன்றிலேயே அவனை வாங்கினார், அதனால்தான் ராசா என்று பேரும் வைத்தார். சுழியைக் காட்டி ஊரில் மூன்று வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தாகிவிட்டது. இப்போது பன்னிரண்டு அடிக்கு ஊர் முகப்பில் சுழியே இல்லாத மாடு நிற்கிறது. போனில் பார்த்தபோது சின்னதாக இருந்ததில் அவருக்கும் தெரியவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து டீக்கடையில் இதே பேச்சுத்தானாம். விருமாண்டி மாட்டை மாற்றிவிட்டான் என்று ஒருவன். இல்லை, இத்தனை நாளும் சுழியை மையில் வரைந்து வைத்திருந்தான் என்று இன்னொருவன்.

செல்வக்குமார் இடையில் புகுந்தான். “மச்சான், வேற யாரு செஞ்சிருந்தாலும் நான் நம்புவேன். இது மீனா கையால செஞ்சது. ஒரு முடி மாறாது மச்சான்.”

அவன் அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னான் தெரியுமா? அதுதான் அவளைக் கொன்றது. தப்பைச் செய்தவளுக்குப் பரிந்து பேசுகிறானே, இந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டித் தொலைத்தால் என்ன என்று நினைத்தாள்.

“கையால செய்யலங்க,” என்றாள். “நீங்க டீ குடிக்கப் போனப்ப உங்க வாடகையிலதான் போட்டு எடுத்தேன். ஈயத் தொடைக்கச் சொன்னேன். அது சுழியையும் அழுக்குனு நெனச்சுத் தொடச்சிருச்சு.”

செல்வக்குமார் அவளைப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. அந்த அல்வாவைத் திருப்பிக் கொடு என்றான். விருமாண்டியின் மீசை லேசாக அசைந்தது. ஆனால் மாட்டு விஷயத்தில் அவர் சிரிக்கத் தயாராக இல்லை. விடிந்தால் ஜல்லிக்கட்டு. சாயங்காலத்துக்குள் சுழியோடு ராசா ஊர் முகப்பில் நிற்காவிட்டால் நாளைக்கு வாடிவாசலுக்கு மாட்டைக் கொண்டுபோக முடியாது, சிரித்தே கொன்றுவிடுவார்கள் என்றார்.

‘வாடகை’யைத் திறந்தால், ஏழு நாள் முடிந்தது, கார்டு நம்பரைப் போடு என்று நின்றது. போட்டுத் தொலைக்கட்டுமா என்று செல்வக்குமார் கேட்டான். வேண்டாம் என்றாள். முதலில் எடுத்த படம் பத்திரமாக இருந்தது. அதை ‘கிரய’த்தில் திறந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை உண்மையாகவே கையால்.

விருமாண்டியும் ஸ்டூலை அவளுக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார். ஈ எது, மச்சம் எது என்று அவருக்குத் தெரியும். அவள் ஒன்றைத் துடைக்கப் போனால், பொறு தங்கச்சி, அது கன்னுக்குட்டியா இருக்கும்போது வேலியில கிழிச்ச காயம், இருக்கட்டும் என்பார். சுழி இருந்த இடத்தைப் பெரிதாக்கியபோது அவளே அசந்துபோனாள். முடி ஒவ்வொன்றும் வரிசை மாறாமல் வட்டமடித்து, நடுவில் ஒரு புள்ளியில் வந்து நின்றது. இத்தனை நாள் மதுரையில் இருந்துகொண்டு ஒரு மாட்டை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை.

வேலை அது பாட்டுக்கு நடக்க, பேச்சு அது பாட்டுக்கு நடந்தது. திரையில் என்ன இது, வாடகை, கிரயம் என்று எழுதியிருக்கிறது, கடையை விற்கப் போகிறீர்களா என்று அவர் கேட்டார். அவள் விவரம் சொன்னாள். பந்தயத்தைச் சொன்னாள். தான் தோற்றுவிட்டதையும் சொன்னாள். ஏமாற்றி ஜெயித்தது ஜெயிப்பு இல்லை, வாடகையே இருக்கட்டும் என்றாள். அப்படி என்ன கிரயத்து மேல பிடிவாதம் என்று கேட்டதற்குத் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

“தொறந்தா என் பேரு வரும்ண்ணே. வேற எதுலயும் என் பேரு கெடையாது.”

அவர் ம் என்றார். மூலையில் ஆல்பம் அடுக்கிக்கொண்டிருந்த செல்வக்குமார் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

மதியம் ஒரு மணிக்கு வால் முடிந்தது. இரண்டு மணிக்குப் பிரஸ்ஸில் கொடுத்தார்கள். நாலு மணிக்கு ராசா சுருட்டி மடக்கப்பட்டு விருமாண்டியின் லோடு வேனில் ஏறினான். கூலி வேண்டாம் என்று முத்துமீனா கையெடுத்துக் கும்பிட்டாள். நாளைக்கு இரண்டு பேரும் வரவேண்டும், வராவிட்டால் மாப்பிள்ளை வைக்கோற்போர் ஏறின கதையைப் பழங்காநத்தம் முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று அவர் கிளம்பினார். ‘மாப்ள’ என்கிற கேலி திரும்பி வந்துவிட்டதில் இருவருக்கும் மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூத்துப்பட்டி முகப்பில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவர்கள் பேனரை அண்ணாந்து பார்த்தார்கள். கீழே ஒரு கூட்டமே நின்று திமிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலொருவர் தோளில் இருந்த பேரனுக்குச் சுழியைக் கைநீட்டிக் காட்டினார். டீக்கடைப் பேச்சு அதோடு அடங்கிவிட்டதென்று விருமாண்டியின் மனைவி தங்கப்பொண்ணு சொன்னாள். அவள்தான் முத்துமீனாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வாடிவாசலுக்கு எதிரே நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி உட்கார வைத்தாள். செல்வக்குமார் கேமராவோடு தடுப்புக் கம்பை ஒட்டி நின்றான்.

மாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. மைக்கில் ஒருவர் தொண்டை கிழியப் பேர் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்ன ஊர் இன்னார் காளை, பிடித்தால் கட்டில், பிடிக்காவிட்டால் மாட்டுக்காரருக்கு அண்டா என்று. வெயில் ஏறியது. முத்துமீனா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு முறுக்கைக் கடித்தாள். அப்போதுதான் மைக்கில் அது வந்தது.

“அடுத்து வாடிக்கு வருது நம்மூரு விருமாண்டி வளத்த ராசா. அவுத்து விடுறது பழங்காநத்தம் முத்துமீனா பேருல. பழங்காநத்தம் முத்துமீனா காளைப்பா. தொட்டுப் பாரு.”

முறுக்கு வாயிலேயே நின்றது. ராசா வெளியே வந்தான். கழுத்தில் மஞ்சள் துண்டு, திமிலில் அவள் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து மீட்டெடுத்த அதே சுழி. நாலு பேர் பாய்ந்தார்கள். ஒரு சுற்று சுற்றினான், இரண்டு பேர் புழுதியில் கிடந்தார்கள். இன்னொருவன் திமிலைத் தொட்டான், தொட்டதோடு சரி. முத்துமீனா எப்போது எழுந்து நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. என்ன கத்தினாள் என்றும் தெரியாது. தங்கப்பொண்ணு அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் டிரெய்லரிலிருந்து விழுந்திருப்பாள். ராசா எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிப்போனான்.

“முத்துமீனா மாடு செயிச்சிருச்சு. முத்துமீனா மாடு,” என்றது மைக். கூட்டம் முழுக்க அவள் பேரைச் சொல்லி விசிலடித்தது. அவளுக்கு அழுகை வந்தது. தாராளமாக அழுதாள்.

விருமாண்டி அண்டாவைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பித்தளை அண்டா. டிரெய்லர் மேலேயே அதைத் தூக்கி அவள் கையில் வைத்தார்.

“மாடு என்னுது தங்கச்சி. அதத் தர மாட்டேன். இது ஒன்னுது.”

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் இருவருக்கும் நடுவில் அண்டா உட்கார்ந்துகொண்டது. அலங்காநல்லூர் தாண்டுகிறவரை அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாள். பிறகு, மாடு எம்புட்டு நேரம் ஓடியது என்று கேட்டாள். கேமராவில் பார்த்தேன், பதினெட்டு செகண்டு என்றான். அந்தப் பதினெட்டு செகண்டும் ராசா தன்னுடைய மாடாகத்தான் ஓடினான், பதினெட்டு செகண்டு வாடகை மாடு என்று கொஞ்சம்கூடத் தோன்றவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதை அவனிடம் சொல்லியும்விட்டாள். அதனால் பந்தயப்படி வாடகையையே போட்டுக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை என்றாள்.

செல்வக்குமார் வண்டியை ஓரங்கட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பினான்.

“ஊரு முகப்புல நின்ன மொதப் பேனரு வாடகையில செஞ்சது. சுழி இல்லாம நின்னுச்சு. ரெண்டாவது நீ செஞ்சது. இதுல எது செயிச்சதுன்னு என்னையக் கேக்குறியா?”

அண்டாவைத் தட்டிப் பார்த்தாள். நல்ல கனமான சத்தம் வந்தது. பிறகு சொன்னாள், விசேஷ வீட்டில் அண்டா சொந்தமாக இருந்தாலும் பந்தலை வாடகைக்குத்தானே எடுக்கிறோம், முகூர்த்தம் குவிகிற மாதத்துக்கு மட்டும் உங்கள் வாடகையையும் போட்டுக்கொள்ளலாம், ஈ துடைக்க அது நல்லாத்தான் இருக்கிறது என்று. ஈயை மட்டும் துடைத்தால் சரி என்றான் அவன்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் கிரயத்தை முடித்தார்கள். பணம் போனது. ‘உரிமையாளர் பெயர்’ என்று ஒரு கட்டம் வந்து நின்றது. செல்வக்குமார் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தான். முத்துமீனா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். முடித்துவிட்டு ஒரு கணம் யோசித்து, முன்னால் போய் இன்னொரு வார்த்தையும் சேர்த்தாள். மைக்கில் சொன்ன மாதிரியே இருக்கட்டுமே.

திரை ஒருமுறை இருண்டு திறந்தது. உரிமையாளர்: பழங்காநத்தம் முத்துமீனா.